தங்கைக்கு அரிவாள் செல் கேரியர் என்று வந்திருக்கிறது: சொந்தத்தில் திருமணம் செய்யலாமா?

கூடலூர் அண்ணன் (கேள்வி):

வணக்கம். நாங்கள் நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதியில் வாழும் பழங்குடிக் குடும்பம். அண்மையில் எங்கள் ஊரில் நடந்த ரத்தப் பரிசோதனை முகாமுக்குப் பிறகு என் தங்கைக்கு ‘ஏஎஸ், கேரியர்’ என்று எழுதிய அட்டையைக் கொடுத்தார்கள். அவளுக்கு இதுவரை உடம்பில் எந்தக் குறையும் இல்லை. நாள் முழுவதும் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்து வீட்டு வேலையும் பார்க்கிறாள். அவளைத் தாய்மாமன் மகனுக்குக் கொடுப்பதாக இரு வீட்டிலும் பேசி வைத்திருந்தோம். அட்டையைப் பார்த்த பிறகு மாமன் வீட்டில் பேச்சே நின்றுவிட்டது. பாட்டியோ இது குலத்தின் மேல் விழுந்த சாபம் என்கிறார். பிற்காலத்தில் என் தங்கைக்கு நோய் வருமா? இந்தத் திருமணத்தைச் செய்யலாமா? எங்கள் மக்களுக்கு மட்டும் ஏன் இது வந்தது? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் வீட்டில் எடுத்துச் சொல்ல உதவியாக இருக்கும்.

ஆய்வகப் பணியாளர், கோவை:

முதலில் உங்கள் தங்கையைப் பற்றிய கவலையை விடுங்கள். கேரியராகப் பிறந்தவர் கேரியராகவே இருப்பார். அது பிற்காலத்தில் நோயாக மாறாது. ரத்தச் சிவப்பணுக்களில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினின் ஒரு பகுதியை, அதாவது பீட்டா சங்கிலியை, உருவாக்கும் மரபணு நம் ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதிகளாக இருக்கிறது; ஒன்று தாயிடமிருந்தும் மற்றொன்று தந்தையிடமிருந்தும் வருகிறது. உங்கள் தங்கைக்கு ஒரு பிரதி இயல்பானது, மற்றொன்றில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அட்டையில் உள்ள ‘ஏ’ இயல்பான ஹீமோகுளோபினையும் ‘எஸ்’ மாறிய ஹீமோகுளோபினையும் குறிக்கும்; இப்படி ஒரு பிரதி மட்டும் மாறியவரைத்தான் கேரியர் என்கிறோம். அந்த ஒற்றை மாற்றத்தால் சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக வாலின் என்ற மற்றோர் அமினோ அமிலம் அமர்கிறது. இரண்டு பிரதிகளும் அப்படி இருந்தால்தான் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் அரிவாள் செல் ரத்தசோகை வரும்.

மாப்பிள்ளையும் கேரியராக இருந்தால், ஒவ்வொரு கருவுக்கும் நோயுடன் பிறக்கும் வாய்ப்பு 25 விழுக்காடு, கேரியராகப் பிறக்கும் வாய்ப்பு 50 விழுக்காடு, மாற்றமே இல்லாமல் பிறக்கும் வாய்ப்பு 25 விழுக்காடு. இந்தக் கணக்கு ஒவ்வொரு கருவுக்கும் புதிதாகத் தொடங்கும். முதல் மூன்று பிள்ளைகள் நலமாகப் பிறந்தால் நான்காவது பிள்ளைக்குத்தான் வரும் என்றோ, முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்ததற்கு வராது என்றோ நினைத்துவிடக் கூடாது. மாப்பிள்ளையின் இரண்டு பிரதிகளும் இயல்பாக இருந்தால் பிள்ளைகளுக்கு நோய் வராது. சிலர் கேரியராகப் பிறக்கலாம், அவ்வளவுதான்.

சொந்தத்தில் திருமணம் செய்வது இந்த மாற்றத்தைப் புதிதாக உண்டாக்குவதில்லை. ஒரே பாட்டன் பாட்டியிடமிருந்து வந்த பிரதி இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதுதான் சிக்கல். ஆகவே உறவை வைத்து முடிவு செய்யாமல் மாப்பிள்ளையின் ரத்தத்தைப் பரிசோதித்து முடிவு செய்யுங்கள்.

உயிரியல் ஆசிரியை:

பாட்டியிடம் சொல்வதற்காக எழுதுகிறேன். இது சாபம் அல்ல. உங்கள் முன்னோர் மலேரியா நிறைந்த காட்டில் உயிர் பிழைத்து வந்ததன் தடம்.

நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இந்த மரபணு இருப்பதை ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் ஆகிய இருவரும் 1952-இல் வெளியிட்டார்கள். அதற்கு இரண்டே ஆண்டுகளுக்குப் பிறகு, கென்யாவில் வளர்ந்த அந்தோணி அலிசன் என்னும் மருத்துவர், கிழக்கு ஆப்பிரிக்காவில் மலேரியா மிகுந்த பகுதிகளில்தான் கேரியர்கள் அதிகம் இருக்கிறார்கள் என்பதையும், கேரியர்களுக்கு மலேரியாவிலேயே கடுமையான வகையான ஃபால்சிபாரம் மலேரியாவிலிருந்து பாதுகாப்பு கிடைக்கிறது என்பதையும் எடுத்துக்காட்டினார். ஒட்டுண்ணி நுழைந்த சிவப்பணு, கேரியரின் உடலில் எளிதில் வளைந்து மண்ணீரலில் அழிக்கப்படுகிறது. ஒட்டுண்ணியும் அதற்குள் நன்றாகப் பெருகுவதில்லை. கொசு கடித்தால் காய்ச்சல் வரவே வராது என்பதில்லை. ஆனால் குழந்தைகளைக் கொல்லும் கடுமையான மலேரியாவுக்கான ஆபத்து ஏறத்தாழ 90 விழுக்காடு குறைகிறது.

இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். கூடலூரும் அதை ஒட்டிய வயநாடும் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மலேரியாவுக்குப் பெயர் போன இடங்கள். இயல்பான இரண்டு பிரதிகளுடன் பிறந்த குழந்தைகளில் பலரை மலேரியா கொண்டுபோனது. மாறிய இரண்டு பிரதிகளுடன் பிறந்தவர்களை ரத்தசோகை கொண்டுபோனது. ஒன்று இயல்பாகவும் ஒன்று மாறியும் பிறந்தவர்களே அதிகமாகப் பிழைத்து வளர்ந்து பிள்ளை பெற்றார்கள். இத்தனை தலைமுறைகளாகியும் இந்த மரபணு மறையாமல் நிலைத்திருப்பதற்கு அதுவே காரணம். 1953-இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி, டிடிடி தெளித்து, மலேரியா அடங்கிய பிறகும் மரபணு உடலில் இருக்கிறது. கொசுவை ஒழிப்பது போல மரபணுவைச் சில ஆண்டுகளில் மாற்றிவிட முடியாது.

உங்கள் மக்களுக்கு மட்டும் வந்தது என்பதும் சரியல்ல. ஆப்பிரிக்காவிலும், சவூதி அரேபியாவின் கிழக்குப் பகுதியிலும், கிரேக்கத்திலும், ஒடிசாவிலும், குஜராத்திலும் இது இருக்கிறது. பழங்குடி அல்லாத வயநாட்டுச் செட்டி சமூகத்திலும் இருக்கிறது. எங்கெங்கு மலேரியா நெடுங்காலம் தங்கியிருந்ததோ அங்கெல்லாம் இந்த மரபணுவோ, ஹீமோகுளோபின் போதிய அளவு உருவாகாத பரம்பரை ரத்தக் குறைபாடான தலசீமியாவின் மரபணுவோ பெரும்பாலும் காணப்படும். சாதியையும் குலத்தையும் இதில் பொருத்திப் பேசுவது மக்களைக் காயப்படுத்துவதைத் தவிர எதற்கும் பயன்படாது.

ஒரு தாய்:

என் மகனுக்கு இரண்டு பிரதிகளும் மாறியவை. அதனால் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். பிறந்தபோது அவன் நன்றாகத்தான் இருந்தான். கருவில் உருவாகும் ஹீமோகுளோபின் முதல் சில மாதங்கள் குழந்தையைக் காப்பாற்றுகிறது என்று பிறகுதான் மருத்துவர் விளக்கினார். தவழத் தொடங்கிய வயதில் ஒருநாள் காலையில் இரண்டு புறங்கைகளும் பாதங்களும் வீங்கி, தொட்டாலே வீறிட்டு அழுதான். பூச்சி கடித்திருக்கும் என்று நினைத்து மஞ்சள் அரைத்துப் போட்டோம். பிறகு ஒரு தனியார் மருத்துவமனையில் சத்துக்குறைவு என்று சொல்லி இரும்புச்சத்து டானிக் மட்டும் கொடுத்து அனுப்பினார்கள். நோயின் பெயரை வேறோர் இடத்தில் அறிவதற்குள் பலமுறை வலியில் துடித்துவிட்டான்.

இப்போது வலி அடிக்கடி வராமலிருக்க ஹைட்ராக்ஸியூரியா என்ற மருந்தும் ஃபோலிக் அமில மாத்திரையும் கொடுக்கிறோம்; நிமோனியாவுக்கான தடுப்பூசி போட்டிருக்கிறோம். அடிக்கடி தண்ணீர் குடிக்க வைக்கிறோம். ஆடி மாதச் சாரலில் நனையவிடுவதில்லை, குளிர் பட்டால் வலி தொடங்கிவிடும். காய்ச்சல் வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்கிறோம். பள்ளிக்கூடம் போகிறான், நன்றாகப் படிக்கிறான். நோய் இருந்தாலும் வாழ முடியும். ஆனால் முன்கூட்டியே தெரிந்திருந்தால் அந்த முதல் வருடத்தின் வலியைப் பெருமளவு குறைத்திருக்கலாம்.

கூடலூர் அண்ணன்:

அனைவருக்கும் நன்றி. நீங்கள் எழுதியதைப் பாட்டிக்கும் மாமாவுக்கும் வாசித்துக் காட்டினேன். மாப்பிள்ளை தானாகவே போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். குழாயில் ரத்தத்தைக் கலந்து பார்த்து ‘நெகட்டிவ்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இது போதுமா?

ஆய்வகப் பணியாளர், கோவை:

நல்ல செய்தி, ஆனால் இது மட்டும் போதாது. அவர்கள் செய்தது கரைதிறன் சோதனை. ஒரு சொட்டு ரத்தத்தை மருந்துக் கரைசலில் விட்டு, குழாய்க்குப் பின்னால் கறுப்புக் கோடுகள் போட்ட அட்டையைப் பிடிப்பார்கள். கோடுகள் தெளிவாகத் தெரிந்தால் நெகட்டிவ். கரைசல் கலங்கிக் கோடுகள் மறைந்தால் பாசிட்டிவ். பாசிட்டிவ் வந்தாலும் அவர் கேரியரா நோயாளியா என்பதை இந்தச் சோதனை பிரித்துச் சொல்லாது. உங்களுக்கு அதைவிட முக்கியமானது, பீட்டா தலசீமியா கேரியரை இது கண்டுபிடிக்கவே கண்டுபிடிக்காது. ஒருவர் அரிவாள் செல் கேரியராகவும் மற்றவர் பீட்டா தலசீமியா கேரியராகவும் இருந்தால், ஒவ்வொரு கருவுக்கும் இரண்டு மாற்றங்களையும் சேர்த்துப் பெறும் வாய்ப்பு 25 விழுக்காடு உண்டு. அந்த நோயும் கடுமையாக இருக்கக்கூடும்.

ஆகவே மாப்பிள்ளைக்கு எச்பிஎல்சி பரிசோதனை, அதாவது ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் பரிசோதனை, செய்யச் சொல்லுங்கள். அறிக்கையில் ஹீமோகுளோபின் எஸ் இருக்கிறதா என்று பாருங்கள். ஹீமோகுளோபின் ஏ2 என்ற வரியையும் பாருங்கள். ஏ2 அளவு 3.5 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் தலசீமியா கேரியராக இருக்கலாம். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் அந்த அளவு தாழ்ந்து காட்டக்கூடும் என்பதால் முழு ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துச் செய்வது நல்லது. இரண்டும் இயல்பாக இருந்தால் மாமாவிடம் தயங்காமல் நாள் குறிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றாலும் வழி அடைந்துவிடாது: கருவுற்ற 10 முதல் 12 வாரங்களுக்குள் கருவின் மரபணுவைப் பரிசோதிக்கும் வசதி பெரிய மருத்துவமனைகளில் இருக்கிறது. அதைப் பற்றித் திருமணத்துக்கு முன்பே மரபணு ஆலோசகரிடம் உங்கள் தங்கையும் மாப்பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து பேசட்டும். முடிவும் அவர்கள் இருவருடையதாகவே இருக்கட்டும்.