ரெக்கார்டிங் போட்டுத் தரச் சொல்லி வருபவர்கள்

திண்டுக்கல்லில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். போனில் பேசுவதைப் பதிவு செய்வது பற்றி என் கடைக்கு வருபவர்களிடம் பார்த்ததையும் கேட்டதையும் எழுதுகிறேன். ஆள் யாரென்று தெரிந்துவிடக் கூடாது என்பதால் சில விவரங்களை விட்டிருக்கிறேன்.

அடிக்கடி வரும் கோரிக்கை இதுதான்: "அண்ணே, ரெக்கார்ட் போட்டா ஒரு பொம்பளக் குரல் வருதுல்ல, அது வராம பண்ணிக் குடுங்க." கூகுள் டயலர் (அழைப்புகளுக்கான கூகுளின் ஆப்) உள்ள போன்களில் பதிவு பட்டனை அழுத்தியதும், பேச்சு பதிவாகிறது என்று இரண்டு பக்கமும் கேட்கும்படி அறிவிப்பு வரும். ஒரு காலத்தில் ஏதோ ஒரு ஆப்பைப் போட்டால் போதும், யாருக்கும் தெரியாமல் பதிவாகிவிடும். ஆண்ட்ராய்டு 10 வந்ததும் அந்த வழி அடைபட்டது. அப்புறம், மாற்றுத்திறனாளிகளுக்காக வைத்த அக்சஸிபிலிட்டி வசதி வழியாக ஆப்காரர்கள் உள்ளே நுழைந்தார்கள். 2022 மே மாதம் பிளே ஸ்டோர் அதையும் தடுத்தது. கூப்பிடுவது யாரென்று காட்டும் ட்ரூகாலர் ஆப்பே அப்போது அந்த வசதியை எடுத்துவிட்டது. ஐபோனில் 2024 அக்டோபரில் ஐஓஎஸ் 18.1-உடன் பதிவு வசதி வந்தபோதும் அறிவிப்போடுதான் வந்தது. சில கம்பெனி போன்களில் மட்டும் இன்னும் சத்தமில்லாமல் பதிவாகிறது. அந்த மாடல்களை செகண்ட் ஹேண்டில் தேடி வருகிறவர்களும் உண்டு.

குரலை எடுத்துத் தர மாட்டேன் என்று சொன்னால், "தெரிஞ்சா அவன் பேசமாட்டாண்ணே" என்பார்கள். எனக்கு உறுத்துவதே அதுதான். தெரிந்தால் பேச மாட்டார் என்றால் அவருக்குச் சம்மதம் இல்லை என்றுதானே அர்த்தம்?

ஆனால் எல்லோரையும் இப்படித் திருப்பி அனுப்பிவிட முடியாது. தையல் வேலை செய்யும் ஒரு அக்கா வந்தார். வங்கிக் கடனில் தவணை தள்ளிப்போயிருந்தது. வசூல் ஏஜென்ட் ராத்திரி ஒன்பது, பத்து மணிக்குக் கூப்பிட்டு, அவரையும் வயதுக்கு வந்த மகளையும் சேர்த்துக் கேவலமாகப் பேசியிருக்கிறான். சொல்லும்போதே அவருக்குக் கை நடுங்கியது. அவருடைய போன் சத்தமில்லாமல் பதிவு செய்யும் ரகம். எந்தத் தயக்கமும் இல்லாமல் அதைப் போட்டுக் கொடுத்தேன். கடன் வசூலுக்குக் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டிலேயே சொல்லியிருக்கிறது. வசூல் ஏஜென்ட் வாடிக்கையாளரிடம் பேசுவதை வங்கிகளே பதிவு செய்து வைக்க வேண்டும் என்பதும் 2008-லேயே வந்த அறிவுறுத்தல். அவர்கள் செய்ய வேண்டியதை இவர் செய்தார், அவ்வளவுதான்.

ரெண்டு மூன்று பேச்சு பதிவான பிறகு ஒரு யோசனை சொன்னேன்: "அடுத்த தடவை எடுத்ததுமே சொல்லிடுங்கக்கா." அப்படியே செய்தார். "தம்பி, இது ரெக்கார்ட் ஆகுது, சொல்லுங்க" என்றதும் அந்தப் பக்கம் குரலே மாறி "மேடம்" ஆகிவிட்டதாம். பழைய பதிவுகளைக் கிளை மேலாளர் அறையில் போட்டுக் காட்டினார். ராத்திரிக் கூப்பாடு நின்றது. தவணையை அவர் கட்டித்தான் தீர்க்க வேண்டியிருந்தது, அது வேறு.

கடைக்கு வரும் வக்கீல் ஒருவரிடம் இதைச் சொன்னபோது பழைய வழக்கு ஒன்றைச் சொன்னார். பம்பாயில் ஒரு டாக்டரிடம் மரண விசாரணை அதிகாரி ஒருவர் லஞ்சம் கேட்டிருக்கிறார். டாக்டரின் சம்மதத்தோடு போலீஸ் அவருடைய போனில் டேப் ரெக்கார்டரை மாட்டிப் பதிவு செய்தது. அந்தப் பதிவு சாட்சியமாகச் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1972-ல் தீர்ப்பளித்தது. மல்கானி வழக்கு என்பார்கள். பேசுகிற இருவரில் ஒருவர் சம்மதித்துப் பதிவு செய்வது வேறு, இருவருக்கும் தெரியாமல் மூன்றாவது ஆள் ஒட்டுக்கேட்பது வேறு என்று வக்கீல் அழுத்திச் சொன்னார். ஒட்டுக்கேட்பது அந்தரங்க உரிமையில் கை வைப்பது என்று 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசாங்கமே சட்டப்படி உத்தரவு போட்டுத்தான் கேட்க முடியும்.

இந்த வேறுபாடு எனக்கு ரொம்பவே பயன்பட்டது, ஏனென்றால் அடுத்து வருகிற ரகம் கணவர்கள். மனைவியின் போனைக் கொண்டுவந்து, "எல்லாக் காலும் ரெக்கார்ட் ஆகி என் போனுக்கு வந்துடணும்" என்பார்கள். முடியாது என்று நான் சொன்னதும் ஒருவர் என்னிடம் சண்டைக்கே வந்தார். "நான் வாங்கிக் குடுத்த போனு, நீ யாருய்யா கேக்க?" 2025 ஜூலைக்குப் பிறகு இவர்கள் கையில் புது வாதம் வந்துவிட்டது: "சுப்ரீம் கோர்ட்டே செல்லும்னு சொல்லிடுச்சு." ரகசியப் பதிவை விவாகரத்து வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று தீர்ப்பு வந்தது உண்மைதான். ஆனால் அந்த வழக்கில் கணவர் பதிவு செய்தது மனைவி தன்னோடு பேசியதை. மனைவி தன் அம்மாவோடும் தோழியோடும் பேசுவதை இல்லை. நம் பக்கத்திலேயே, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் 2024 அக்டோபரில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், மனைவிக்குத் தெரியாமல் கணவர் எடுத்துவந்த அழைப்பு விவரங்களை ஏற்க முடியாது என்றார். கணவனானாலும் மனைவியின் அந்தரங்கம் அந்தரங்கம்தான் என்பது அந்தத் தீர்ப்பு. இதையெல்லாம் எடுத்துச் சொன்னால் சிலர் தலையைக் குனிந்துகொண்டு போவார்கள். சிலர் அடுத்த கடைக்குப் போவார்கள், அங்கே செய்து கொடுக்கவும் கூடும். அந்த வீட்டில் இருக்கும் பெண்ணை நினைத்தால் எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது.

இவற்றையெல்லாம் விட என்னை அதிகம் பாதித்தது வேறொன்று. ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா. அண்ணனிடம் போனில் மனம்விட்டுப் பேசும்போது, தன் நாத்தனாரைப் பற்றி ஏதோ ஆற்றாமையில் சொல்லியிருக்கிறார். வீட்டுப் பங்கு விஷயத்தில் பிறகு அண்ணனோடு மனக்கசப்பு. அண்ணன் அந்தப் பேச்சை வெட்டி எடுத்து, சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். நாத்தனார் வீட்டுக் கல்யாணத்துக்கு இந்த அம்மாவுக்குப் பத்திரிகை வரவில்லை. "அவங்க எல்லார் போன்ல இருந்தும் அதை அழிக்க முடியுமா தம்பி?" என்று கேட்டார். முடியாதும்மா என்று சொல்ல எனக்கு வாயே வரவில்லை. "எங்க அண்ணன்கிட்டதானே சொன்னேன், ஊருக்கா சொன்னேன்?" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பதிவு செய்தது தப்பா என்று கேட்டால் நான் கொஞ்சம் யோசிப்பேன், அனுப்பியது தப்பு என்பதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. தையல்கார அக்காவின் பதிவு போனது மேலாளர் அறைக்கு, நியாயம் கேட்டு. இது போனது ஒரு பெண்ணைச் சொந்தத்திலிருந்து விலக்கி வைக்க.

பதிவு தேவைப்படுகிறவர்களுக்கு ஒன்று: வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். பெயின்டிங் கான்ட்ராக்டர் ஒருவர், கூலிப் பணம் தருவதாக மேஸ்திரி ஒப்புக்கொண்ட பேச்சை மகனுக்கு அனுப்பிவிட்டுப் போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டார். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதுச் சாட்சியச் சட்டம், பிரிவு 63-ன்படி சான்றிதழும் அதில் கோப்பின் ஹேஷ் எண்ணும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் அடையாள எண்) கேட்கிறது. மூலக் கோப்பும் அது பதிவான போனும் கையில் இருப்பது நல்லது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியவே தெரியாது. "ஸ்டோரேஜ் ஃபுல்" என்று வரும் போன்களைத் திறந்தால், கால் ரெக்கார்டிங் ஃபோல்டர் வழிந்துகொண்டிருக்கும். வாங்கின நாளிலேயே யாரோ ஆட்டோ ரெக்கார்ட் போட்டுவிட்டிருப்பார்கள். சம்பந்தி பேசியது, டாக்டர் பேசியது, கடன் கேட்டு நண்பன் அழுதது எல்லாம் அதில் கிடக்கும். பேசியவர்களுக்கும் தெரியாது, போன்காரருக்கும் தெரியாது. கடையில் வேலைக்கு இருந்த பையன் ஒருமுறை ஹெட்போன் மாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். அன்றைக்குப் பலமாகக் கண்டித்தேன். இப்போது அந்த ஃபோல்டர் கண்ணில் பட்டால் போன்காரரைக் கூப்பிட்டுக் காட்டி, அவர் கையாலேயே தேவையானதை வைத்து மீதியை அழிக்கச் சொல்கிறோம்.

ஆட்டோ ரெக்கார்ட் கண்டிப்பாக வேண்டும் என்பவர்களுக்கு, சாம்சங் போன்களில் எல்லா அழைப்பும், சேவ் செய்யாத எண்கள், குறிப்பிட்ட எண்கள் மட்டும் என்று மூன்று விதமாக வைக்கலாம். மிரட்டுகிறவனின் எண்ணை மட்டும் மூன்றாவதில் சேர்த்துக் கொடுக்கிறேன். அம்மா, அண்ணன், அக்கா எண்களை யார் கேட்டாலும் சேர்ப்பதில்லை.