நிலவயமாதலா, நிலவயமாக்கலா?

நண்பர்களுக்கு வணக்கம்.

உலகெங்கும் பரவும் ஒன்று ஓர் இடத்துக்கேற்ப உருமாறுவதைக் குறிக்கும் குளோக்கலைசேஷன் (glocalization: global, local என்னும் இரு சொற்களின் ஒட்டு) என்பதற்கு இவ்விழையில் முன்வைக்கப்பட்ட ‘உலகுள்ளூர்மயமாக்கல்’ என்ற சொல், ஆங்கிலம் இரு சொற்களை வெட்டி ஒட்டிய முறையைத் தமிழிலும் பின்பற்றுகிறதே தவிர, கருத்தைப் பிடிக்கவில்லை என்பது என் எண்ணம். நாவிலும் அது எளிதில் புரளவில்லை.

சமூகவியலாளர் ரோலண்ட் ராபர்ட்சன் 1995இல் வெளிவந்த தம் கட்டுரையில் இக்கருத்தை விரித்தபோது, அதன் வேரை ‘தொச்சாகுகா’ என்ற ஜப்பானியச் சொல்லில் காட்டினார். வேளாண் முறையை அந்தந்த இடத்து நிலைமைக்கு ஏற்ப மாற்றிக்கொள்வதையே அச்சொல் முதலில் குறித்தது. அதன் முதல் உறுப்புக்கு மண் என்று பொருள். ஆகவே ‘மண்வயமாக்கல்’ என்று சொல்லலாமா என்று முதலில் எண்ணினேன். ஆனால் ‘மண்ணாய்ப் போவது’ என்ற வழக்கு உடனே நினைவுக்கு வந்து தடுத்துவிட்டது. முதற்பொருளாக நிலத்தையும் பொழுதையும் வைத்த தொல்காப்பிய மரபு நமக்கு இருக்க, ‘நிலவயம்’ என்பதே பொருந்தும் எனக் கருதுகிறேன்.

‘மயம்’ நிறைந்து பரவுவதைச் சொல்கிறது; ‘வயம்’ யாருடைய பிடியில் இருக்கிறது என்பதைச் சொல்கிறது. வெளியிலிருந்து வந்த ஒன்று ஓர் இடத்தின் பிடிக்குள் வந்து, அவ்விடத்தாரின் தேவைக்கேற்ப உருமாறுவதே நாம் குறிக்க வேண்டிய நிகழ்வு. ‘வயம்’ என்பது ‘வசம்’ என்னும் வடசொல்லின் திரிபு என்பாரும் உண்டு. அவ்வாறாயின் வந்த சொல்லே நம் ஒலிக்கு வயப்பட்டதற்கு அது சான்றாகும் என்பதால், அதனை ஒரு குறையாக நான் கொள்ளவில்லை.

இனி ‘ஆதல்’, ‘ஆக்கல்’ வேறுபாடு. ஒரு நிறுவனம் தன் பண்டத்துக்கு உள்ளூர்ப் பெயரும் நிறமும் பூசி விற்பதும், ஒரு மக்கள் கூட்டம் வெளியிலிருந்து வந்ததை எடுத்துத் தனதாக்கிக்கொள்வதும் ஒன்றல்ல. சமூகவியலாளர் ஜார்ஜ் ரிட்சர், நிறுவனங்களின் வளர்ச்சி வேட்கையால் நிகழும் திணிப்பைப் பிரித்துக் காட்டுவதற்கு, வளர்தலைக் குறிக்கும் ஆங்கில வினையைக் (grow) கொண்டு குரோபலைசேஷன் (grobalization) என்று ஒரு சொல்லைத் தனியே படைக்க வேண்டியிருந்தது. நமக்கோ விகுதியே அந்த வேலையில் பாதியைச் செய்துவிடுகிறது: செய்பவர் வெளியார் எனில் நிலவயமாக்கல், இடத்தாரே தம் போக்கில் உருமாற்றிக்கொண்டால் நிலவயமாதல். ‘உலகமயமாக்கல்’, ‘உலகமயமாதல்’ ஆகிய இரண்டையும் வேறுபாடின்றிப் புழங்கிய பிழையை இங்கும் தொடர வேண்டாம்.

மென்பொருள் துறையில் லோக்கலைசேஷன் என்பதற்கு வழங்கும் ‘தன்மொழியாக்கம்’ இதற்கு ஈடாகாது; அது மொழியைச் சொல்கிறதே தவிர இடத்தைச் சொல்லவில்லை. கணினி எழுத்துகளுக்குத் தரம் வகுக்கும் யூனிகோடு அமைப்பு, எண், நாள் முதலியவற்றை இடத்துக்கு இடம் எழுதும் முறைகளைத் தொகுத்து வைத்துள்ள இடவழக்குத் தரவகத்தில் (CLDR) தமிழுக்கு இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என நான்கு இடக்குறிகள் உள்ளன. மொழி ஒன்றே ஆயினும், ஒரு லட்சம் இந்தியக் குறியில் 1,00,000 என்றும் சிங்கப்பூர்க் குறியில் 100,000 என்றும் பிரிகிறது.

பெயரடைதான் இன்னும் இடறுகிறது. ‘நிலவய’ என்பது தனித்து நிற்கவில்லை. ‘நிலவயப்பட்ட’ என்பது நீள்கிறது. இதற்கு யாரேனும் வழி சொன்னால் நன்று.