எல்டிஎல் 168: மாத்திரையா, மூன்று மாத அவகாசமா?

கோபி விவசாயி:
ஈரோட்டில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எனக்கு எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், 168 என்று வந்தது. வயது 46, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இல்லை. மருத்துவர் மாத்திரை எழுதினார். நான் மூன்று மாத அவகாசம் கேட்டு வந்திருக்கிறேன். கைக்கடிகாரம் நாள்தோறும் 8,000 அடிகள் காட்டுகிறது. உண்பதையெல்லாம் செயலியில் பதிகிறேன். காலையில் கம்மங்கூழ், மதியம் கொள்ளுப் பருப்பு என மாறிவிட்டேன். ஆயுள் முழுக்க விழுங்க வேண்டியதை இப்போதே தொடங்குவது அவசரம் என்பதே என் கட்சி.

பெருந்துறை வாசகி:
ஐயா, தங்கள் முயற்சி நல்லதுதான். ஆனால் கடிகாரம் அடிகளை எண்ணுமே தவிர, ரத்தக் கொழுப்பை அளக்காது. கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடலே, குறிப்பாகக் கல்லீரல், உற்பத்தி செய்வதால், உணவை எவ்வளவு ஒழுங்குபடுத்தினாலும் பலருக்கு எல்டிஎல் 10, 15 சதவீதத்துக்கு மேல் இறங்குவதில்லை. கொலஸ்ட்ராலைக் குறைக்கத் தரும் ஸ்டாட்டின் மாத்திரையோ, அதன் வகையையும் அளவையும் பொறுத்து, பொதுவாக 30 முதல் 50 சதவீதம் வரை இறக்குகிறது. என் அண்ணன் இரண்டு ஆண்டுகள் ஒரு நாள் தவறாமல் நடந்தவர். பரிசோதனையை மட்டும் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார், 48 வயதில் அடைபட்ட இதயக் குழாயில் ஸ்டென்ட் வைக்க வேண்டியதாயிற்று. தங்கள் குடும்பத்தில் எவருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்திருக்கிறதா?

பொள்ளாச்சித் தோப்புக்காரர்:
அடுத்து எண்ணெயைக் குறை சொல்லத்தான் வருவீர்கள். தேங்காய் எண்ணெயில் கொலஸ்ட்ராலே கிடையாது. எங்கள் தாத்தா அதையே உண்டு 90 வயது வாழ்ந்தார்.

பெருந்துறை வாசகி:
எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாதுங்க. எல்டிஎல்லை ஏற்றுவது நிறைவுற்ற கொழுப்பு. அது தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கும் மேல்; கடலை எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். செக்கில் ஆட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. தங்கள் தாத்தா மாடு பூட்டிக் கவலை ஓட்டி நீர் இறைத்தவராக இருப்பார். நாம் மோட்டார் சுவிட்சைக் கைப்பேசியிலேயே போடுகிறோம்.

கோபி விவசாயி:
செயலியைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிறன்று உண்ட பள்ளிபாளையம் சிக்கன் அதன் பட்டியலில் இல்லை. 'கோழிக் குழம்பு, ஒரு கிண்ணம்' என்று பதிந்தேன். அதில் போட்ட தேங்காய்ச் சில்லும் ஊற்றிய எண்ணெயும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. ஆயினும் எல்டிஎல் 190-ஐத் தாண்டியிருந்தால் நான் வாதாடியிருக்க மாட்டேன். 168-க்கு முயன்று பார்க்க இடமுண்டு என்றே இன்னமும் கருதுகிறேன். தாங்கள் கேட்டதற்குப் பதில்: அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு வந்தது. மருத்துவர் கேட்டபோது, ஏனோ, 'வயசுல வந்ததுங்க' என்று சொல்லிவிட்டேன்.

பெருந்துறை வாசகி:
அந்த 52-ஐ முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாரடைப்புக்கு அதுவும் இளவயதுதான், அவருடைய கணக்கே அதனால் மாறக்கூடும். மறு பரிசோதனைக்கும் மூன்று மாதம் காத்திருக்கத் தேவையில்லை, ஆறு வாரத்திலேயே மாற்றம் தெரிந்துவிடும்.

கோபி விவசாயி:
திங்கட்கிழமை போகிறேன். அப்பாவின் பழைய மருத்துவச் சீட்டு பீரோவில் இருக்கிறது, எடுத்துப் போகிறேன்.