படைப்பு – இலைக் கணக்கு

ராமநாதன்: ஞாயிறு நம் முன்னோருக்குப் படைப்பு. பந்திக்கு இலை எத்தனை என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள், சமையல்காரர் கேட்கிறார்.

உமையாள்: எங்கள் வீட்டில் இரண்டு இலை. சோமுவுக்கு அடுத்த வாரம் மதுரையில் எடைக்கான ஆபரேஷன். கல்லீரல் சுருங்க வேண்டுமாம், அதுவரை புரோட்டீன் கலந்த நீர் ஆகாரம்தான்.

சிவகாமி: ஆபரேஷனா??? 16 வயசுப் பிள்ளைக்கா

ராமநாதன்: வாயைக் கட்டினால் போதாதா? நம் ஐயா கானாடுகாத்தானுக்கு நடந்தே போய் வந்தவர்.

சிவகாமி: பரோட்டா வாங்கிக் கொடுத்ததை அப்போதே நிறுத்தியிருக்கலாம்

உமையாள்: ஒரு டின் மனகோலம் கொடுத்துவிட்டது யார் ஆச்சி?

மீனா: சண்டை வேண்டாம், நான் எழுதுகிறேன். சோமு 142 கிலோ, உயரம் 170 செ.மீ., பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 49. சர்க்கரை வந்துவிட்டது, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது. இரண்டு வருடமாக டயட், நடை, மாத்திரை எல்லாம் பார்த்தாயிற்று. இவ்வளவு ஏறிய உடம்பு, எடை குறையக் குறையப் பசியைக் கூட்டிப் பழைய இடத்துக்கே இழுக்கும், பிள்ளை சோம்பேறி என்று மட்டும் சொல்லாதீர்கள். ஸ்லீவ் ஆபரேஷனில் இரைப்பையில் ஏறக்குறைய 80 சதவீதத்தை எடுத்துவிடுவார்கள், பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோனும் குறையும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2023-இல், கடுமையான பருமன் உள்ள 13 வயதுப் பிள்ளைகளையே இதற்கு அனுப்பிப் பார்க்கலாம் என்றது. அங்கே எடைக்கான ஆபரேஷன் செய்துகொண்ட 242 பிள்ளைகளை மூன்று வருடம் கவனித்ததில் சராசரி 27 சதவீதம் எடை இறங்கியது, சர்க்கரை இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது தணிந்தது. ஆனால் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரும்புச்சத்து குறைந்தது, சிலருக்கு வயிற்றில் இன்னொரு ஆபரேஷன் தேவைப்பட்டது. ஆயுள் முழுக்க வைட்டமின் மாத்திரை உண்டு. எல்லாம் தெரிந்துதான் சம்மதித்தோம்.

ராமநாதன்: 27 சதவீதம் என்றால்?

வள்ளி: 38 கிலோ பெரியப்பா

வள்ளி: அப்பத்தா கேட்கிறது, வயிற்றை எடுத்துவிட்டால் பிள்ளை கும்மாயம் எப்படிச் சாப்பிடும்?

மீனா: ஆத்தாவிடம் சொல், சில வாரம் நீர் ஆகாரம், அப்புறம் இரண்டு கரண்டி சாப்பிடுவான்.

ராமநாதன்: செலவு?

உமையாள்: மேலப் பங்கு வாடகை இரண்டு வருடமாக எங்களுக்கு வரவில்லை.

ராமநாதன்: அதை இங்கே எழுத வேண்டாம். போன் செய்கிறேன்.

சோமு: பெரியப்பா, நானும் வருகிறேன். பந்தியில் உட்கார மாட்டேன், சாமி கும்பிட வேண்டும். என் எடையை யாரும் கேட்காதீர்கள். ராத்திரி மூச்சு மிஷினுக்கு ஒரு பிளக் பாயிண்ட் வேண்டும்.

ராமநாதன்: வாப்பா. யாரும் கேட்க மாட்டோம், நானும்தான்.

வள்ளி: இரண்டாங்கட்டு அறையில்தான் பிளக் இருக்கிறது

சிவகாமி: அந்தச் சாவி போன படைப்பிலிருந்தே காணோமே

உமையாள்: என்னிடம் இல்லை

மீனா: நாளைக்கு மயக்க மருந்து டாக்டரைப் பார்க்கிறோம். அவர் சரி என்றால் சனிக்கிழமையே வந்துவிடுவோம். சாவியைத் தேடி வையுங்கள்.

ராமநாதன்: அப்போது இலை எத்தனை?