அவசர உதவி: அப்பத்தாவின் ஒட்டுப்போர்வையில் இருக்கும் 30 கையெழுத்துகள் யாருடையவை?

பாம்பன்காற்று:
வணக்கம். என் அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியில், துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த பழைய போர்வை ஒன்று கிடைத்திருக்கிறது. மொத்தம் 30 கட்டங்கள். கட்டத்துக்கு ஒருவர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பத்தாவின் முதலாண்டு நினைவுநாளுக்கு உறவினர்கள் எல்லோரும் தங்கச்சிமடத்துக்கு வருகிறார்கள். அதற்குள் இந்தப் பெயர்களுக்கு உரிய குடும்பங்களைக் கண்டுபிடித்து அழைக்க ஆசைப்படுகிறேன். எங்கிருந்து தொடங்குவது? போர்வையில் பழுப்புக் கறை இருப்பதால் நாளைக் காலையில் சோப்புத்தூளில் ஊறவைக்கப் போகிறேன். விரைவாகப் பதில் சொல்லுங்கள்.

உப்பளத்தான்:
சகோதரி, முதலில் ஊறவைக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். பழைய நூலில் சாயம் நிற்காது. ஒரே நனைப்பில் பெயர்கள் பக்கத்துக் கட்டத்துக்குள் கரைந்துவிடும். அடுத்து, கையெழுத்துகள் மையால் எழுதப்பட்டவையா, நூலால் தைக்கப்பட்டவையா? எந்த மொழி? இரண்டு மூன்று பெயர்களையாவது எழுதுங்கள். போர்வையின் பின்பக்கத் துணி எப்படி இருக்கிறது? இவை எதுவும் தெரியாமல் எங்களால் என்ன சொல்ல முடியும்?

ஏட்டுப்பூச்சி:
இதே கேள்விக்கு இங்கே பலமுறை விரிவாக விடை எழுதியிருக்கிறேன். புதிதாக வருபவர்கள் தேடிப் படிக்கும் பழக்கத்தை விட்டுவிட்டார்கள் போலும். பெயர் பொறித்த ஒட்டுப்போர்வை என்பது நம் ஊர் வழக்கமே அல்ல. துணியை அரிக்காத மை கிடைக்கத் தொடங்கிய பிறகு, 1840-களில் அமெரிக்காவில் பரவிய வழக்கம் அது. தேவாலயப் பெண்கள் ஒரு பெயருக்குப் பத்து சென்ட் என்று வாங்கிக்கொண்டு, பெயர்களைத் தைத்து நிதி திரட்டியதும் உண்டு. ஆகவே ஒரே போர்வையில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே குடும்பம் என்று நினைத்துத் தேடுவது முதல் தவறு. அமெரிக்கன் மதுரை மிஷன் 1834-இல் மதுரையில் பணியைத் தொடங்கியது என்பதையும், 1910-க்கு முன்பு இராமநாதபுரம் தனி மாவட்டமாகவே இருக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நீங்கள் தேட வேண்டியது மதுரையில் உள்ள மிஷன் ஆவணங்களையே. இதில் வேறு கருத்துக்கு இடமிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

முத்துச்சிப்பி:
தங்கச்சிமடம் என்றால் மதுரை வரை போவானேன்? பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பாருங்கள். பெற்றோர் பெயருடன் ஞானப்பெற்றோர் பெயரும் அதில் இருக்கும் என்பதால், ஒரு பெயர் சிக்கினால் இரண்டு குடும்பங்கள் சேர்ந்து கிடைக்கும். இந்தப் பகுதி 1938 முதல் மதுரை மறைமாவட்டத்திலும், 1987-க்குப் பிறகு சிவகங்கை மறைமாவட்டத்திலும் இருக்கிறது. கடிதம் எழுதும்போது ஆண்டைப் பார்த்து எழுதுங்கள்.

பாம்பன்காற்று:
மன்னிக்கவும், நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. பெயர்கள் தமிழில், சிவப்பு நூலால் தைக்கப்பட்டிருக்கின்றன. அஞ்சலை மே.க., இராமாயி மே.க., காத்தாயி கீ.க. என்று போகின்றன. 15 பேருக்கு மே.க., 9 பேருக்கு கீ.க.; மீதி 6 கட்டங்களில் பெயர் இல்லை, பூ வேலைப்பாடு மட்டுமே. மே.க. என்பது ஒரு பெரிய குடும்பம் என்று நினைக்கிறேன்.

ஏட்டுப்பூச்சி:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். மே.க. என்பது தலைப்பெழுத்து. ‘மே’ பாட்டனார், ‘க’ தகப்பனார். 15 பேரும் உடன்பிறந்த, ஒன்றுவிட்ட சகோதரிகளாக இருப்பார்கள்.

உப்பளத்தான்:
அந்தக் காலத்தில் திருமணமான பெண்ணுக்குக் கணவர் பெயரின் எழுத்தைத்தானே முன்னால் போடுவார்கள்? அப்படிப் பார்த்தால் அவர்கள் ஓரகத்திகளாக அல்லவா இருக்க வேண்டும்? அதுவும் ஒரே வீட்டில் 15 ஓரகத்திகளா?

ஏட்டுப்பூச்சி:
கணவர் எழுத்தைப் போடுவது எல்லாச் சமூகத்திலும் கட்டாயமாக இருந்ததில்லை. எதிர்வாதம் செய்யும் முன், அஞ்சலையின் ‘லை’ எந்த வடிவில் இருக்கிறது என்று கேட்டிருக்கலாம். பழைய கொம்பு வைத்த ‘லை’ என்றால் போர்வை 1978-இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது என்று உறுதியாகச் சொல்லிவிடலாம்.

முத்துச்சிப்பி:
அதெப்படி உறுதியாகும்? என் தாயார் 2005 வரையில் கடைக்குச் சீட்டு எழுதும்போதுகூட அந்தக் கொம்பை விட்டதில்லை. அரசாணை வந்த அன்றே கை மாறிவிடுமா? மறுபக்கம், பெரியார் 1935-லேயே ‘குடி அரசு’ இதழில் புதிய வடிவங்களைக் கையாளத் தொடங்கிவிட்டார். எழுத்தை வைத்து, எழுதியவர் எப்போது எழுதப் படித்திருப்பார் என்று ஊகிக்கலாமே தவிர, போர்வைக்கு வயது சொல்ல முடியாது.

ஏட்டுப்பூச்சி:
வீட்டு மளிகைச் சீட்டு ஆய்வுச் சான்று ஆகாது.

கொழுந்துக்கூடை:
எழுத்துச் சண்டையைச் சற்று நிறுத்துங்கள். எனக்கு வேறொன்று உறுத்துகிறது. தமிழில் தலைப்பெழுத்து பெயருக்கு முன்னால் வரும். இங்கே எல்லோருக்கும் பின்னால் வருகிறது. அதோடு, ஐப்பசியிலும் விசிறி தேடும் இந்தக் கடற்கரையில் இத்தனை கனமான போர்வையை யார் தைப்பார்கள்? மகளே, உங்கள் அப்பத்தா சிலோனிலிருந்து வந்தவரா? பின்பக்கத்துணி கோதுமை மாச் சாக்கா?

பாம்பன்காற்று:
ஆமாம், 1971-இல் கப்பலில் வந்தார்கள். எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்பதால் தனியாக எழுதவில்லை. பின்பக்கம் சாக்குத்துணியேதான், அதில் நீல எழுத்துகள் அரைகுறையாகத் தெரிகின்றன. உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

கொழுந்துக்கூடை:
நானும் அந்தக் கப்பலில் வந்தவள்தான். மே.க. என்பது மேற்கணக்கு, கீ.க. என்பது கீழ்க்கணக்கு. ஒரு தேயிலைத் தோட்டத்தை மலைச்சரிவின்படி பிரித்து, ஒவ்வொரு பிரிவையும் ‘கணக்கு’ என்று சொல்வோம்; பேச்சில் மேக்கணக்கு, கீக்கணக்கு. ஒவ்வொரு கணக்குக்கும் அதனதன் லயங்கள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்), அதனதன் பெரட்டுக்களம் (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம்). மேக்கணக்கு அஞ்சலை என்றால் எந்த அஞ்சலை என்பது தோட்டம் முழுவதற்கும் தெரியும். ஆகவே அந்த 15 பேரும் சகோதரிகளும் அல்லர், ஓரகத்திகளும் அல்லர். ஒரே பிரிவில் கொழுந்து எடுத்தவர்கள். உங்கள் அப்பத்தா புறப்பட்டபோது தோழிகள் தைத்துக் கொடுத்த போர்வை என்பது என் எண்ணம்.

1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், சிலோனில் இருந்த எங்களைப் போன்ற இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-இல் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டார்கள். ஒரே லயத்தில் ஒரு வீட்டுக்கு இந்தியா, அடுத்த வீட்டுக்கு இலங்கை என்று முடிந்தது. அதனால் இந்த 30 பேரில் பலர் இந்தக் கரைக்கே வராமல் இருந்திருக்கலாம். வந்தவர்களிலும் பலர் நீலகிரிக்கும் கொடைக்கானல் பக்கமும் போய்விட்டார்கள்; தங்கச்சிமடத்தில் மட்டும் தேடினால் கிடைக்கமாட்டார்கள்.

தேட வேண்டிய முதல் பெயர் தோட்டத்தின் பெயர். அதிலும் ஒரு சிக்கல் உண்டு: தோட்டத்துக்குக் காகிதத்தில் ஆங்கிலப் பெயர் ஒன்று, நம் வாயில் தமிழ்ப் பெயர் ஒன்று. இரண்டும் பெரும்பாலும் ஒத்துவராது. தாயகம் திரும்பியோருக்குக் கொடுத்த குடும்ப அட்டை, பழைய பாஸ்போர்ட், அங்கே பிறந்த பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று பெட்டியின் அடியில் இருக்கும். நாங்கள் எதையும் தொலைக்கும் துணிவு இல்லாதவர்கள். தோட்டம் தெரிந்துவிட்டால் அங்கே இன்னும் இருப்பவர்களிடம் கேட்கலாம். செக்ரோலில், அதாவது தோட்டத்தின் தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில், பெயர் இருந்ததா என்றும் விசாரிக்கலாம்.

அந்த ஆறு பூக்களைச் சாய்வான வெளிச்சத்தில் படமெடுத்துப் போடுங்கள். இதழ் இருக்கிறதா, அல்லது முட்டை வடிவத்துக்குள் வளையம் வளையமாகக் கோடுகள் இருக்கின்றனவா?

பாம்பன்காற்று:
வளையங்கள்தான். இதழ் இல்லை. ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியதாக இருக்கிறது.

கொழுந்துக்கூடை:
அது பூ இல்லை, மகளே. எழுதத் தெரியாத ஆறு பேரின் கைநாட்டு. துணியில் மை தொட்டு ஒற்றி, அந்த ரேகையின்மேலேயே நூல் ஓட்டியிருக்கிறார்கள்.

உப்பளத்தான்:
பின்பக்க முடிச்சுகளையும் பாருங்கள். எல்லாக் கட்டத்திலும் முடிச்சு ஒரே மாதிரி இருந்தால் தைத்தது ஒரு கை. பெயர்களில் ‘ம’ ஆளுக்கு ஆள் மாறினால், எழுதியது பல கைகள். போர்வையை வெயிலில் போடாமல், வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். கடற்காற்று இருக்கிறதே என்று பிளாஸ்டிக் பையில் கட்டினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடித்துவிடும்.

ஏட்டுப்பூச்சி:
இலங்கை மலையகத் தொடர்பு முதல் பதிவிலேயே தெரிவிக்கப்பட்டிருந்தால் நானும் இதே முடிவுக்குத்தான் வந்திருப்பேன். ஒரே போர்வை என்பதால் ஒரே குடும்பம் ஆகாது என்று தொடக்கத்திலேயே சொன்னவன் நான்தான் என்பதை நினைவூட்டுகிறேன்.

முத்துச்சிப்பி:
15 சகோதரிகள் என்று சொன்னவரும் நீங்கள்தான்.

பாம்பன்காற்று:
எல்லோருக்கும் நன்றி, தாமதத்துக்கு மன்னிக்கவும். நினைவுநாள் நல்லபடியாக முடிந்தது. போர்வையைத் துவைக்கவில்லை. முடிச்சுகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. குடும்ப அட்டையைப் பெரிய அத்தை மஞ்சள் பையில் வைத்திருந்தார்; தோட்டத்தின் பெயரும் தெரிந்துவிட்டது. ஆறு கைநாட்டுகளில் ஒன்று அப்பத்தாவின் தாயாருடையது என்று அத்தை சொல்கிறார், ஆனால் எது என்று அவருக்குத் தெரியவில்லை. மண்டபம் ஊரில் ஒரு வீட்டை விசாரிக்கச் சொல்லியிருக்கிறார், இப்போது அங்கேதான் கிளம்புகிறேன்.

கொழுந்துக்கூடை:
எந்தத் தோட்டம் என்று எழுதாமல் போய்விட்டீர்களே, மகளே?