குறுக்குத் தீவு ரயில் பாதை: யார் எந்தப் பக்கம்?

வெண்ணிலா
வணக்கம். நீடித்த வளர்ச்சி பற்றிய திட்டப்பணிக்குச் சிங்கப்பூரின் குறுக்குத் தீவு ரயில் பாதையை எடுத்திருக்கிறோம். காட்டுக்கு அடியில் போகலாம் என்ற அரசாங்கத்தை ‘வலுவற்ற நிலைத்தன்மை’யிலும், சுற்றிப் போகச் சொன்ன இயற்கைச் சங்கத்தை ‘வலுவான நிலைத்தன்மை’யிலும் வைத்தோம். ஆசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கே இடிக்கிறது?

புங்கை
ஆசிரியர் சொல்வதுதான் சரி. இயற்கையை அழித்துவிட்டு, ஈடாகப் பணமோ கட்டடமோ வைத்தால் கணக்கு நேராகிவிடுமா? ஆகும் என்பது வலுவற்ற நிலைத்தன்மை. பொருளியலாளர் ராபர்ட் சோலோ அந்தப் பக்கம். சிலவற்றுக்கு ஈடே கிடையாது என்பது வலுவானது. சூழலியல் பொருளியலாளர் ஹெர்மன் டேலி இந்தப் பக்கம்.

நேர்ப்பாதை சுமார் 4 கிலோமீட்டர். அதில் 2 கிலோமீட்டர் மத்திய நீர்ப்பிடிப்பு இயற்கை வனப்பகுதிக்குக் கீழே, சராசரி 70 மீட்டர் ஆழத்தில். சுற்றுப்பாதை 9 கிலோமீட்டர். பயணம் 6 நிமிடமும் செலவு ஏறத்தாழ 2 பில்லியன் வெள்ளியும் கூடும். 2019 டிசம்பரில் நேர்ப்பாதை முடிவானது. ஆனால் ‘காடு போனால் வேறெங்காவது மரம் நடலாம்’ என்பது அரசாங்கத்தின் வாதமல்ல; வனப்பகுதியின் தரைமேல் கட்டுமானமே கிடையாது என்பதுதான். இரு தரப்பும் பிரிவது அபாயத்தை எடைபோடுவதில். பாதிப்பைப் பொறியியலால் அடக்கிவிடலாம் என்கிறது ஒன்று. மீட்க முடியாத இடத்தில் சோதனையே வேண்டாம் என்கிறது மற்றது. 1992 ரியோ பிரகடனத்தின் 15ஆம் கோட்பாட்டைப் படித்துவிட்டு எழுதுங்கள்: மீட்க முடியாத பாதிப்பு வரலாம் என்றால், அறிவியல் உறுதி முழுமையாக இல்லை என்று சொல்லித் தடுப்பைத் தள்ளிப்போடக் கூடாது என்பது அது.

கல்லுடைப்பான்
70 மீட்டர் ஆழம் என்றதும் மேலே ஒன்றும் ஆகாது என்று எழுதிவிடாதீர்கள். சுரங்கத்துக்கு முன்னால் மண் ஆய்வு. அதற்குத் துளையிடும் இயந்திரம் காட்டுக்குள் போக வேண்டும். துளைக்குள் விடும் சேற்றுக்குழம்பு ஓடையில் கசிந்தால் தண்ணீர் கலங்கி, மீனும் நண்டும் முதலில் அடிபடும். அதனால்தான் ஆய்வுத் துளைகளை 72இலிருந்து 16ஆகக் குறைத்து, ஏற்கெனவே இருக்கும் நடைபாதைகள், வெட்டவெளிகளோடு நிறுத்தினார்கள்.

சுற்றுப்பாதையும் சும்மா வராது. கூடுதல் சுரங்கம், கூடுதல் கான்கிரீட், தினமும் கூடுதல் மின்சாரம். இங்கே மின்சாரத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இயற்கை எரிவாயுவில் உற்பத்தியாகிறது. காட்டைக் காக்கும் தரப்பும் அந்தக் கரிம உமிழ்வுக்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

வெண்ணிலா
நன்றி. ஒப்பிட இன்னொரு உதாரணம் கிடைக்குமா?

புங்கை
புலாவ் உபின் தீவின் கடலோரச் சதுப்பான செக் ஜாவா. அங்கே நிலமீட்பு, அதாவது கடலைத் தூர்த்து நிலமாக்குவது, நடந்திருந்தால் கடற்புல்வெளி மண்ணுக்கடியில் போயிருக்கும். பொறியியல் எதுவும் அதைக் காப்பாற்றியிருக்காது. எதிர்ப்புக்குப் பிறகு 2001 டிசம்பரில் திட்டத்தை ஒத்திவைத்தார்கள். ரத்து செய்யவில்லை, கவனியுங்கள்: உபின் மேம்பாட்டுக்குத் தேவைப்படாதவரை என்பது நிபந்தனை. அந்த நிபந்தனை எந்தப் பக்கத்துச் சிந்தனை என்பதையே உங்கள் குழுவில் விவாதிக்கலாம்.