300 காளான் பொதி, 75,000 ரூபா: ஆலோசகர் சொல்லுற கணக்கு சரியோ?

வாய்க்கால்கரை:
வணக்கம். முகநூல் நேரலையில வாற ஒரு "தொழில் ஆலோசகர்" தாற திட்டம் இது. சிப்பிக்காளான் வளர்க்கிற மரத்தூள் பொதி 300, ஒண்டு 250 ரூபா. பொதிக்கு ஒரு கிலோ காளான் வருமாம், கிலோ 600 ரூபாப்படி தாங்களே திருப்பி எடுப்பினமாம். ஒருநாள் பயிற்சி, சான்றிதழ் உண்டு. ஆள் சேர்த்துவிட்டால் தலைக்கு 5,000 ரூபா கழிவு (கொமிசன்) தருவினமாம். இடம் கிளிநொச்சி வட்டக்கச்சி, கிடுகுக் கொட்டில் இருக்கு. ஆனியில தொடங்கலாம் எண்டு சொல்லினம். காசு கட்ட முதல் எதைப் பார்க்க வேணும்?

கிடுகுக்கொட்டில்:
முதல்ல அந்த ஒரு கிலோவைப் பாருங்கோ. ஒரு கிலோ பொதியில 60 வீதத்துக்கு மேல தண்ணிதான். காய்ஞ்ச மரத்தூளும் தவிடும் 350 தொடக்கம் 400 கிராம். நல்லாப் பராமரிச்சால் அந்தக் காய்ஞ்ச நிறையின்ரை 60 தொடக்கம் 80 வீதம் பச்சைக் காளானா வரும். அதாவது 210இலிருந்து 320 கிராம், அதுவும் மூண்டு நாலு அறுவடையில, இரண்டு மூண்டு மாதத்துக்குள்ள. பத்தில ஒரு பொதி பழுதாகும் எண்டு வையுங்கோ. 270 பொதி, 250 கிராம்படி 67.5 கிலோ. 600 ரூபாவுக்கு அவை முழுதையும் எடுத்தாலும் 40,500 ரூபாதான். பொதிக்காசிலேயே 34,500 நட்டம். இதில தண்ணியும் இல்லை, உங்கடை கூலியும் இல்லை.

அடுத்தது காலம். சிப்பிக்காளானுக்கு 25 தொடக்கம் 30 பாகை சூடும், 80 வீதத்துக்கு மேல ஈரப்பதமும் வேணும். ஆனியில சோளகம் வீசேக்க எங்கடை பக்கம் பகல் 33, 34 பாகை, காத்தும் வறண்டது. கொட்டிலைச் சுத்தி ஈரச்சாக்குத் தொங்கவிட்டு, நிலத்துக்கு மணல் போட்டு, நாளுக்கு மூண்டு நாலு தரம் தண்ணி தெளிச்சாலும் மொட்டு வந்து கருகும். ஆனியில தொடங்கச் சொல்லுறவர் வன்னியில காளான் வளர்த்தவரா இருக்க மாட்டார். சிப்பிக்குக் கார்த்திகை, மார்கழி, தை நல்லது.

பொதி வாங்கினால் ஒவ்வொண்டையும் வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாருங்கோ. வெள்ளை நூல் (காளானின்ரை இழை) அடிவரைக்கும் ஒரே சீரா ஓடியிருக்க வேணும். பாசிப்பச்சைப் புள்ளி தெரிஞ்சால் பச்சைப் பூஞ்சணம், உடனே கொட்டிலை விட்டு வெளியால எடுக்க வேணும். அடியில மஞ்சள் தண்ணி தேங்கிப் புளிச்ச மணம் வந்தால் அவிச்சது காணாது, பக்ரீரியா பிடிச்சிட்டுது. வித்துப் போட்ட திகதி பொதியில எழுதியிருக்கோ எண்டும் கேளுங்கோ.

பேரேடு:
நான் ஒப்பந்தத் தாளைப் பற்றிச் சொல்கிறேன். "திருப்பி எடுப்போம்" என்பது எழுத்தில் இருக்கிறதா? இருந்தால் மூன்று இடத்தைப் பாருங்கள். "தரமான காளான் மட்டும்" என்றால் தரத்தைத் தீர்மானிப்பவர் யார், விட்டம் எத்தனை அங்குலம் என்று இருக்க வேண்டும். "அன்றைய விலை" என்று இருந்தால் 600 ரூபா வாக்குறுதி அங்கேயே முடிந்தது. மூன்றாவது, எங்கே ஒப்படைப்பது. வவுனியாவில் என்றால் பறித்த அன்றே நீங்கள் ஏ9 வீதியால் கொண்டுபோக வேண்டும். இந்த வெக்கையில் சிப்பிக்காளான் வெளியே ஒருநாள் நிற்பதே பெரிது.

பதிவுச் சான்றிதழைக் காட்டினால் அதை அறிவுக்கான சான்றாக எடுக்காதீர்கள். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்த எவருக்கும் அது கிடைக்கும். கம்பனி என்றால் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி பதிந்திருக்கும், கம்பனிப் பதிவாளர் திணைக்களத் தளத்தில் பெயரைத் தேடலாம். பயிற்சிச் சான்றிதழ் தருகிறார்கள் என்றால் அந்த நிலையம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்ததா என்று கேளுங்கள்.

ஆள் சேர்த்தால் கழிவு என்ற பேச்சு எனக்குப் பயமாக இருக்கிறது. காளான் விற்று வராத காசு, புதிதாகச் சேர்பவரின் காசிலிருந்து வருகிறது என்றால் அது பிரமிட் திட்டம். 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கிச் சட்டம் 83சீ பிரிவில் அதைத் தடைசெய்கிறது. நடத்துகிறவரை மட்டுமல்ல, விளம்பரம் செய்து பரப்புகிறவரையும் அது பிடிக்கும். உங்கள் ஒன்றுவிட்ட தம்பியைச் சேர்த்துவிட்டால் வழக்கில் உங்கள் பெயரும் வரலாம்.

வைக்கல்பட்டடை:
எங்கடை சூட்டுக்கு வைக்கல் காளான் நல்லாப் பொருந்தும். 30 தொடக்கம் 35 பாகைதான் அது கேக்கிறது, காலபோக வெட்டு முடிய வைக்கலும் வயல்வழிய கிடக்கும். ரப்பர் மரத்தூளைத் தெற்கிலயிருந்து ஏத்திவரத் தேவையில்லை. பூஞ்சணம் பிடிக்காத புது வைக்கலா எடுத்து, ஒரு இரவு ஊறவைச்சு, பிடிச்சுப் பிழிஞ்சால் துளி மட்டும் வாற அளவுக்கு வடிய விட்டு, கட்டுக்கட்டா அடுக்கி ஓரத்தில வித்துப் போட்டுப் பொலித்தீனால மூட வேணும். இரண்டு கிழமையில முதல் பறிப்பு. முட்டை மாதிரி மூடியிருக்கேக்க எடுத்திட வேணும், காலமை விட்டால் பின்னேரம் விரிஞ்சிடும். குளிர்ப்பெட்டியில வைச்சால் கரைஞ்சு தண்ணியாப் போகும். ஆனபடியால் விதைக்க முதல் கரடிப்போக்கிலயோ பரந்தனிலயோ அண்டண்டைக்கு எடுக்கிற சாப்பாட்டுக்கடை ஒண்டு ரெண்டைப் பேசி வைச்சிருங்கோ.

ஆலோசனைக்குக் காசு குடுக்கத் தேவையில்லை. 1920க்கு அடிச்சால் விவசாயத் திணைக்களம், இல்லாட்டி உங்கடை கமநல சேவை நிலையத்தில விவசாயப் போதனாசிரியர். அறிவியல்நகரில யாழ் பல்கலைக்கழக விவசாய பீடமும் கிட்டத்தான்.

வாய்க்கால்கரை:
நன்றி. எழுத்தில கேட்டன், "நம்பிக்கைதான் தொழிலுக்கு முதல்" எண்டு பதில் வந்தது. பத்துப் பொதி மட்டும் தரச்சொல்லிக் கேட்கலாமோ?

கிடுகுக்கொட்டில்:
கேளுங்கோ. காளான் பொதி செய்து விக்கிறவர் பத்தும் தருவார். 300க்குக் குறையத் தரமாட்டன் எண்டால் விடுங்கோ. தந்தால் பொதிக்கு நம்பர் போட்டு, ஒவ்வொரு பறிப்பையும் சமையல் தராசில நிறுத்துக் கொப்பியில எழுதுங்கோ. அதோட அந்த ஆலோசகரின்ரை கொட்டிலையும் போய்ப் பாருங்கோ, முதல் பறிப்பு நேரம் இல்லை, மூண்டாவது பறிப்பு நேரம்.